இலவச வைத்தியம்

"வைரஸ்தான்க்கா. சுத்தம் பண்ணிட்டேன்," என்று லேப்டாப்பை நீட்டினார் மெக்கானிக்.

"போன வாரம்தானே உங்ககிட்ட சர்வீஸ் பண்ணேன்! அதுக்குள்ள என் மக கண்டதையும் இறக்கி நாசம் பண்ணிட்டா. நேத்து விட்டேன் பாருங்க ஒரு அறை! எவ்வளவு தம்பி?"

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. "காசெல்லாம் வேண்டாம்க்கா. பாப்பாவை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."

"இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுஷனா! எங்க தெருவையே உங்க கடைக்கு அனுப்புறேன்," என்று வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

அவர் படியிறங்குவதற்குள் இன்னொருவர் லேப்டாப்போடு நுழைந்தார். "போன வாரம் நீங்க சர்வீஸ் பண்ணதுதான். திடீர்னு மக்கர் பண்ணுது."

போன வாரம் வந்த அத்தனை லேப்டாப்பிலும் தான் செருகி எடுத்த, வைரஸ் குடியிருந்த பென் டிரைவைக் குப்பைக் கூடையில் எறிந்த மெக்கானிக் கேட்டார்:

"வீட்டுல யாரையும் அடிச்சிடலையே சார்?"