புது மிஷினுக்குப் பாதை

தவராசா வீட்டுக் கராஜுக்குள் பனி தள்ளும் கரன்ட் மிஷின் வந்து இறங்கியதும், பனி அள்ளும் பழைய ஷவல் மூலைக்குள் ஒதுங்கிக்கொண்டது. இனித் தனக்குக் குப்பைத்தொட்டிதான்.

“கடையிலேயே நான்தான் லேசு. அதைப் பார்த்துத்தான் இவர் என்னை எடுத்தவர்,” என்றது மிஷின்.

விடிந்தால் முழங்காலளவு பனி. தவராசா மிஷினை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“இஞ்சருங்கோ, மிஷினுக்கு வைச்ச சந்தனப்பொட்டே இன்னும் காயேல்லை. புதுச்சாமானைப் பனிக்குள்ள இறக்காதேங்கோ!” என்றாள் மனைவி.

அவருக்கும் அது சரியாகவே பட்டது. லேசான சாமான்தானே, அப்படியே கொண்டுபோய் வரவேற்பறையில் வைத்தார். பிறகு ஷவலோடு வந்து, அவசர அவசரமாக அள்ளத் தொடங்கினார்.

“இண்டைக்கு ஏன் இந்த அவசரம்?” என்று மூச்சு வாங்கியது ஷவல்.

ஜன்னலுக்குள்ளிருந்து மிஷின் சொன்னது: “என்னைப் பார்க்கச் சனம் வருது. ஒருத்தரும் வழுக்கி விழக்கூடாது. வடிவா அள்ளு.”