நலம் விசாரிக்கும் எண்

"அழாதீங்க சார். இத்தனை வருஷம் கூடவே இருந்தது திடீர்னு போயிடுச்சுன்னா யாருக்குத்தான் தாங்கும்? உங்க மனசு என்ன பாடுபடும்னு எனக்குப் புரியுது."

குரலைக் கேட்டால் பேசுகிறவளும் அழுகிறாள் என்றுதான் சொல்வீர்கள். முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சுண்டுவிரல் நகத்தில் அழுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சேர்ந்தது ஒரு மிக்ஸி.

ஆபீசில் அவளுக்குக் குயில் என்று பெயர். கெட்டுப்போன சாமான்களுக்காகப் போன் செய்கிறவர்களைச் சமாதானப்படுத்தும் அந்த ஹாலில் அவளுக்குத்தான் மார்க் அதிகம். திட்ட ஆரம்பித்தவர்கள்கூட "நீ நல்லா இருக்கணும்மா" என்று வாழ்த்திவிட்டுத்தான் வைப்பார்கள். மிக்ஸி என்னவோ சரியாகியிருக்காது.

வீட்டில்தான் வேறு கதை. முந்தின நாள் சாயங்காலம் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு ஓடி வந்தாள். குயில் குனிந்து பார்த்தாள். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறோம்," என்றாள். "வேற ஏதாவது உதவி வேணுமா?"

பிள்ளை அழுகையை அப்படியே நிறுத்திவிட்டது. "அப்பா, அம்மா என்னை கஸ்டமர்னு நினைச்சுட்டாங்க!"

புருஷன்காரன் மருந்து போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். காலையில்தான் திறந்தான். அந்த வீட்டுச் சுவர் அட்டை மாதிரி. அவன் பேசியது அடுத்த வீடு வரைக்கும் ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டது.

"நீ கடைசியா எப்போ அழுத? எப்போ சிரிச்ச?"

யோசித்தாள். "தெரியலைங்க. செக் பண்ணிச் சொல்றேன்."

"கேட்டியா? இதைத்தான் சொல்றேன்! உங்க ஆபீஸ் லிஃப்ட் பக்கத்துல ஒரு நம்பர் ஒட்டியிருக்குன்னியே, மனசு விட்டுப் பேசறதுக்கு? இன்னிக்கு அதுல பேசிட்டு வா. இல்லேன்னா குழந்தையைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்கயாவது அது ஒரு மனுஷியைப் பார்க்கட்டும்."

அதற்காக அவள் தன்னைக் கவனித்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட முடியாது. மனச்சுமை குறைய ஆபீசில் கொடுத்த ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து ஓட்டையே போட்டிருந்தாள். 'உன்னை நீயே உயர்த்து' என்கிற வீடியோ வகுப்பையும் பாத்திரம் தேய்க்கும்போது விடாமல் ஓடவிட்டாள், சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு. இன்னொரு குரலுக்குக் காதில் இடமில்லை. சான்றிதழ் வந்துவிட்டது.

அன்று வேலை தொடங்குமுன் டீம் லீடர் வழக்கம்போல நின்றுகொண்டே ஒப்பித்தார். "இன்னிலேர்ந்து புதுசா ரெண்டு கம்பெனியோட கால்ஸும் நமக்கு வரும். என்ன கம்பெனின்னு என்னைக் கேட்காதீங்க, எனக்கே சொல்லலை. ஸ்கிரீன்ல வர்றதை அப்படியே படிங்க, போதும்."

ஒருத்தரும் தலை நிமிரவில்லை. அடுப்பு, செருப்பு, இன்சூரன்ஸ் என்று அங்கே கம்பெனிகள் வருவதும் போவதும் புதிதா என்ன?

டீ இடைவேளையில் குயில் மாடிப்படியில் உட்கார்ந்து லிஃப்ட் பக்கத்து நம்பருக்கு அடித்தாள். 'இது வெளி நிறுவனம். நீங்கள் பேசுவது யாருக்கும் தெரியாது' என்று போஸ்டரிலேயே போட்டிருந்தார்கள். அந்தத் தைரியம்தான்.

புல்லாங்குழல் வாசித்தது. நடுநடுவே, எல்லாரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள் என்றது ஒரு ரெக்கார்டு. மற்றவர்களாயிருந்தால் எரிச்சல் வந்திருக்கும். இவளோ, பாவம், அங்கே யார் யாரிடம் என்ன திட்டு வாங்குகிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

இடைவேளை முடிந்தது. குழல் முடியவில்லை. வைத்துவிட்டால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போகவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? செல்போனை இடது காதில் ஹெட்செட்டுக்கு அடியில் செருகி, முடியை இழுத்து மூடிக்கொண்டு சீட்டுக்கு வந்தாள்.

பக்கத்து சீட்டுக்காரிக்குக் கண் எப்போதும் இங்கேதான். "என்னடி, காது வீங்கியிருக்கு?"

"பல்வலி."

"காதுலயா?"

குயில் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இடது காதில் குழல், வலது காதில் மிக்ஸி. அந்த மிக்ஸியையும் ஒருவழியாக வழியனுப்பி வைத்தாள்.

சட்டென்று குழல் நின்றது. குயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எடுத்துவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? முழங்காலிலிருந்தா, அதற்கும் முன்னாலிருந்தா?

அதே நொடியில் பாழாய்ப்போன வலது காதிலும் பீப் அடித்தது. திரையில் ஏதோ புது வாசகம். பழக்கதோஷம், வாய் தானாகப் படித்தது.

"வணக்கம். உங்க மனசு எங்களுக்கு முக்கியம். இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

இடது காதிலும் யாரோ அதையே கேட்டார்கள். தேனாய் ஒரு குரல். அவளை ஒருத்தர் இப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! கண் நிறைந்தேவிட்டது.

"என் பொண்ணு..." என்றாள்.

"என் பொண்ணு..." என்றது வலது காது.

திரையின் மூலையில், அழைப்பவரின் எண் மின்னிக்கொண்டிருந்தது. அதை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். மகளின் பள்ளிக்கூட அட்டையில், 'தாயார்' என்கிற இடத்தில் எழுதியிருக்கும் எண்.

டீம் லீடர் பின்னால் வந்து நின்றார். "என்ன குயில், சத்தத்தையே காணோம்? லைன்ல ஆள் இருக்காங்க பாரு."

நிறைந்த கண் அப்படியே வற்றிப்போயிற்று. குயில் மைக்கை உதட்டருகே இழுத்து, அதே தேன் குரலில் சொன்னாள்:

"கொஞ்சம் லைன்லயே இருங்க, மேடம்."