மூட்டைக்காரரின் பாடத்திட்டம்

சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சுமைதூக்கி மூட்டைமேல் சாய்ந்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடிப் புத்தகத்தைப் பிரித்தார்.

"வந்துட்டாருய்யா புலவரு!" என்றான் கூட்டாளி. "எந்த நாட்டு ராஜாவோ சண்டை போட்ட கதைய, அவங்க பாஷையிலயே படிச்சாத்தான் சோறு எறங்குமாண்ணே?"

"எழுத்து முடிஞ்சுது. இப்ப இலக்கணம். அடுத்து காவியம். நானே போட்ட திட்டம்டா."

"தமிழையே கல்யாணத்துக்கு அப்புறம்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சீங்க. இது எதுக்கு?"

"முதுகுவலிக்கு நல்லதாம்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து மகன் வீடியோவில் வந்தான். மடியில் அவன் மகள். அந்த நாட்டுக்காரியான தாயின் மொழி மட்டுமே தெரிந்த குழந்தை. இதுவரை தாத்தாவும் பேத்தியும் கை மட்டுமே ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று அவர் தொண்டையைச் செருமி, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

மகன் திகைத்தான், பிறகு சிரித்துவிட்டான்.

"அப்பா, இது காவியத்துல வர்ற பேச்சு. இப்ப இங்க யாரும் இப்படிப் பேசறதில்ல. மொழியே மாறிப்போச்சுப்பா."

"அட்டையில அந்த நாட்டுப் பேருதானே இருந்துது? பழசா இருந்தாலும் நம்ம பாஷை மாதிரி இன்னும் பேசுவாங்கன்னு நினைச்சுட்டேன்." அவர் குரல் இறங்கியது. "புள்ளைக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காது."

குழந்தை தகப்பனின் காதில் ஏதோ கேட்டது.

"ஒரே ஒரு வார்த்தை புரிஞ்சுதாம்ப்பா. 'வா'ன்னு அவ பாஷையில கூப்பிட்டீங்களே, அது."

"அதுக்கு என்ன சொல்றா?"

"எப்பப் போறோம்னு என்னைக் கேக்குறா" என்ற மகன், அதற்குமேல் சிரிக்கவில்லை.