அலுமாரி ஏன் குதிக்குது?

மூன்றாம் மாடியே அதிரும்படி துள்ளியது, எழுபத்துமூன்று வயதான நான்தான் என்று கொமிற்றிக் கூட்டத்தில் சொன்னேன்.

அதுவும் ஒற்றைக் காலில். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு. ஒரு சொட்டும் சிந்தாமல்.

கொரோனாப் பயணத்தடைக் காலம் என்பதால் கூட்டமும் சூமில்தான் நடந்தது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் எல்லா வீடுகளும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் இருந்தன. ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் மைக்கை மூடிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் ஜவாத் மட்டும் மூட மறந்துவிட்டார்.

"கொன்ஸ்ரன்ரைன் அங்கிள், லிஃப்ட் ஒடஞ்சா நீங்க பாண் வாங்கவும் கீழ எறங்குறல்லயே."

வழக்கு இதுதான். இரண்டாம் மாடிக் கனகசபாபதியின் தலைக்கு மேலே இருப்பது ஜனாவின் வீடு. ஜனா, அவன் மனைவி துஷ்யந்தி, ஏழு வயது நிருஷா. வாடகைக்கு இருப்பவர்கள். சத்தம் போடுவதாக ஏற்கெனவே இரண்டு முறைப்பாடுகள் பதிவாகிவிட்டன. மூன்றாவதும் உண்மையென்று கண்டால் அவர்களை வீட்டை விட்டு எழுப்பிவிடலாம் என்பது கொமிற்றியின் சட்டம்.

ஊரே பூட்டிக் கிடக்கும்போது ஒரு பிள்ளையையும் சூட்கேசுகளையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று சட்டத்தில் எழுதவில்லை. துஷ்யந்தி தன் கட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

குற்றமெல்லாம் உடற்பயிற்சிப் பாடத்தினுடையது.

பள்ளிக்கூடம் போனுக்குள் குடிவந்த பிறகு, இருந்த இடத்திலேயே இருந்து பிள்ளைகள் பூசணிக்காயாகிவிடப் போகிறார்கள் என்று மேலிடத்துக்குக் கவலை வந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேர்ணடெற் ரீச்சர் கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று துள்ளுவார். பிள்ளைகளும் அவரவர் வீட்டில் கமராவுக்கு முன்னால் நின்று துள்ள வேண்டும்.

தொடர்மாடியில் துள்ளினால் கீழ்வீட்டுக்காரர் வீடு கூட்டும் தும்புத்தடியால் சீலிங்கில் இடிப்பார் என்பது மேலிடத்துக்குத் தெரியாது. கனகசபாபதி இடித்த ஓர் இடியில், ஜனா வீட்டுக்கு எதிர்வீட்டில் என் மேசையில் கிடந்த மூக்குக்கண்ணாடி எழும்பித் தானாகவே என் மூக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே தாய்மார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளை பாட்டுக்குக் கதிரையில் இருக்கும். தாய் போனைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவாள். திரையில் பிள்ளை துள்ளும். ரீச்சர் கைதட்டுவார்.

அந்தத் தவணையில் கொழும்பு முழுக்கப் பிள்ளைகளுக்கு வயிறு வளர்ந்தது, தாய்மாருக்குப் புயம் வளர்ந்தது.

துஷ்யந்திக்கு அதே நேரத்தில் அலுவலகக் கூட்டம். போனை ஆட்டும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வந்த முதல் பதவி. நான் ஆட்டிய ஆட்டில் நிருஷா வகுப்பிலேயே முதலாம் பிள்ளை. பிஸ்கற் தின்றுகொண்டே முதலாம் பிள்ளை.

போன வெள்ளிக்கிழமை ரீச்சர் துள்ளலை நிறுத்திவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்.

"நிருஷா குதிக்கிறா, சரி. பின்னால அலுமாரி ஏன் குதிக்குது?"

போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டு என்னை எட்டப் போகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மாடி அதிர்ந்தது.

பிள்ளை கூச்சப்பட்டு நின்றாள், அவளுக்குச் செய்து காட்டத்தான் நான் துள்ளினேன், பிள்ளை ஓர் அங்குலமும் அசையவில்லை என்று கூட்டத்தில் விளக்கினேன். கொஞ்சம் உற்சாகம் கூடி, நடுவில் ஒருமுறை குட்டிக்கரணம் போட்டதாகவும் சொல்லிவிட்டேன்.

ஜவாத் நெற்றியைத் தடவினார். முறைப்பாட்டுக்காரர் அன்றைக்கு மேலே ஏறிப்போய்ப் பார்த்தவர்தானே, அவரையே கேட்போம் என்றார்.

கனகசபாபதி ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். ஒரு பொய்க்கும் கையெழுத்துப் போடாதவர் என்று பெயர். மழை பெய்கிறது என்று நான் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையைத் தேடுவார்.

அவர் வந்தது உண்மை. முறைப்பாட்டை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்கத் தும்புத்தடியோடு ஏறி வந்தார். கதவு திறந்திருந்தது.

வீங்கின முழங்காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு நான் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன்.

நிருஷா ஆகாயத்தில் இருந்தாள்.

வகுப்பு முடிந்து திரையும் கறுத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. அந்த வீட்டில் மாதக்கணக்காக நுனிக்காலில் நடந்த பிள்ளை, தலைமயிர் கலைய, ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு சிரிப்பாகச் சிரித்துக்கொண்டு, விழுந்து விழுந்து எழும்பித் துள்ளினாள்.

கனகசபாபதி வாசலிலேயே நின்றார். தும்புத்தடியை அங்கேயே மறந்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

இப்போது அவருடைய கட்டத்தில் மைக் திறந்தது. தொண்டையைச் செருமினார். துஷ்யந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம். கொன்ஸ்ரன்ரைன்தான் துள்ளினவர். என்ர கண்ணால கண்டனான்."

கொஞ்சம் யோசித்தார். எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாத மனுசன்.

"தேத்தண்ணி ஒரு சொட்டும் சிந்தேல்லை."