எதிர்த்துத் தள்ளும் விசிறி

கொட்டகையில் மூன்று பழைய போர் விமானங்கள் விற்பனைக்கு நின்றன. தினமும் காலையில் அவற்றின் முன்விசிறிகளைக் கையால் சுற்றி, எஞ்சினுக்குள் தேங்கிய எண்ணெயைக் கலைத்துவிடுவது என் வேலை. ஒன்றை வாங்கித் தானே ஓட்டிப்போக வந்த பெர்னதெத் அம்மா, புதுச் சாயம் பூசிய விமானத்தின் முன்னால் நின்றுவிட்டார். முதலாளி காகிதங்களை எடுக்க உள்ளே போனார்.

"கொளஞ்சி அண்ணே, நீங்கன்னா எதுல ஏறுவீங்க?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பிடித்தது மூலையில் நின்ற சாம்பல் நிற விமானம். அதைக் காட்டினால் அது போய்விடும். காட்டாவிட்டால் இந்த அம்மா வானத்தில் தனியாக மாட்டிக்கொள்வார்.

"இதோட விசிறி சும்மா சுத்தும்மா, எஞ்சின்ல தெம்பு இல்ல. அந்தச் சாம்பல்காரி மல்லுக்கட்டுவா. பதினோரு வருசமா என் தோளப் புடுங்குறா."

அவர் மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சாம்பல் விமானத்தின் விசிறியை இரு கைகளாலும் இழுத்தார். பாதியில் அது முறைத்து நின்று, அவரையே திருப்பித் தள்ளியது.

"அடி ராட்சசி!" என்று சிரித்தார்.

மறுநாள் அவர் ஓட்ட அது மேலே ஏறியபோது, நான் துடைக்காமல் விட்ட இடம் ஒன்றுகூட வெயிலில் தெரியவில்லை. அடுத்த காலை பழக்கத்தில் அந்த மூலைக்குப் போய், இல்லாத விசிறியைப் பிடிக்க இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன்.