நீல ஒயர்

“தினமும் ரிப்போர்ட் லேட்டு. உங்களுக்கு மெமோ அடிச்சு சர்வர்ல போட்டிருக்கேன், நீங்களே பிரிண்ட் எடுத்துக்கங்க” என்றார் மேனேஜர் மாதவராஜ்.

கலைச்செல்வி மெமோவைத் திறந்தாள். வழக்கம்போல வட்டம்தான் சுற்றியது. பாலக்கோட்டில் இருக்கும் அந்த விதைக் கம்பெனி ஆபீசில், ஆயுத பூஜை முடிந்ததிலிருந்தே சர்வரில் இருக்கும் எந்த ஃபைலும் சட்டென்று திறப்பதில்லை.

தருமபுரியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன் சந்துரு சர்வரின் பின்னால் எட்டிப் பார்த்தான். “இது ஏதோ பழைய ஒயருங்க. உள்ளே எட்டுக் கம்பி வேலை செய்யற இடத்துல நாலுதான் செய்யுது, அதான் ஃபைல் திறக்க இவ்வளவு நேரமாகுது. நான் போட்ட நீல ஒயர் எங்கீங்க?”

“பூஜைக்கு மெஷினைத் துடைச்சது இவங்கதான்” என்றார் மாதவராஜ்.

துடைத்தது உண்மை. ஆனால் ஒயரை அவள் தொடவேயில்லை. பின்னே எங்கே போயிருக்கும்? தேடிக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டாள். பூஜைக்கு வைத்த வாழைக்கன்று காய்ந்துபோய் இன்னும் கேட்டில் நின்றது, நீல ஒயரால் இறுக்கிக் கட்டப்பட்டு.

“யாரு இதைக் கட்டினது?” பின்னாலேயே வந்த மாதவராஜ் கேட்டார்.

ஆபீஸ் குரூப்பில் பூஜைப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனவள், ஒன்றில் நிறுத்தி போனை அவரிடம் நீட்டினாள். வேட்டியை மடித்துக் கட்டி, ஒயரின் ஒரு நுனியைப் பல்லில் கவ்வியபடி வாழைக்கன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் மாதவராஜ்.

அவர் தொண்டையைச் செருமினார்.

“அந்த மெமோ...”

“இன்னும் திறக்கலீங்க சார்.”