லென்னிக்கு விட்ட இடம்

கிளீவ்லாந்து நீதிமன்ற வராந்தாவின் உயரமான ஜன்னலில் பனிக்கால வெயில் மங்கலாகப் படிந்திருக்கிறது. கண்ணாடி பொருத்தும் மிலோ பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதலாளி லென்னி, தொழிலாளர்களுக்காகக் கட்டவேண்டிய பங்குத்தொகையைக் கட்டாததால், அவர்களுக்குக் காப்பீடும் பென்ஷனும் தரும் தொழிற்சங்க நலநிதி அவர்மேல் வழக்குப் போட்டிருக்கிறது. அதற்குள் காப்பீடு நின்றுபோய், மிலோவின் மனைவி இர்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை தள்ளிக்கொண்டே போகிறது. கதவைத் திறந்து நிதியின் வக்கீல் வருகிறாள். "லென்னி ஒத்துக்கிட்டாரு. இன்னிக்கே முழுசா கட்டுறாரு. காப்பீடு திரும்ப வந்துடும்" என்று சொல்லிவிட்டு நடக்கிறாள். பின்னாலேயே லென்னி வருகிறார். முதலாளியாவதற்கு முன் மிலோவோடு ஒரே சாரத்தில் நின்று கண்ணாடி தூக்கியவர். மிலோ யோசிக்காமல் நகர்ந்து இடம் விடுகிறார். லென்னி உட்கார்கிறார். மிலோ ஜன்னலைப் பார்த்தபடியே கேட்கிறார்: "உனக்கும் பென்ஷன் இதே நிதியிலதானேடா வரணும்? உன் பாக்கெட்லயே நீ பிக்பாக்கெட் அடிச்சிருக்கே." "இர்மா திட்டுனாளா?" "நொண்டிக்கிட்டே திட்டுனா." லென்னி தலைகுனிந்து சிரிக்கிறார். மிலோ போனை எடுத்து, "டாக்டர்கிட்ட தேதி கேளு, இர்மா" என்கிறார். மறுமுனையில் இர்மா காலண்டரைப் புரட்டும் சத்தம் வருகிறது. அதையே அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.